எங்கும் சேராத நடுக்கம்பி

ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டில் சாப்பாட்டு மேஜையை இரண்டு மாதம் பிடித்துவைத்துக்கொண்டு பாட்டின் ஒலியைப் பெருக்கும் வால்வு ப்ரீஆம்ப் ஒன்றை நானே கட்டினேன். ஸ்விட்ச் போட்டதும் பாட்டை முந்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தது. வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை.

வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பெட்டியின் ஓரமாக ஒதுக்கினேன். எர்த் கொடுத்த இடத்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வெறி பிடித்தது. குற்றம் வீட்டுச் சாமான்கள்மேல்தான் என்று முடிவுகட்டினேன். மிக்ஸியைத் தொடாதே என்று மனைவியிடம் கத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சொருக மறந்தேன். சாயங்காலம் அவள் திறந்தபோது மாவு பொங்கி வழிந்திருந்தது. உள்ளே இருந்த, எங்களோடு இருக்கும் மாமியாரின் இன்சுலின், சித்திரை வெக்கையில் வெதுவெதுப்பாகிக் கெட்டுப்போயிருந்தது.

"சத்தம் உங்க டப்பாவுக்குள்ள இருக்கு. அதை ஏன் என் சமையல்கட்டுல தேடுறீங்க?" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று சீறினேன்.

சீறிவிட்டு டப்பாவைத் திறந்தேன். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஹீட்டருக்கு வரும் மூன்று கம்பிகளில் நடுக்கம்பிதான் எர்த்துக்குப் போகவேண்டியது. இணைப்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓரக் கம்பிகள் இரண்டும் 'பீப்' என்றன. நடுக்கம்பி ஊமை. உள்ளே எதோடும் சேராமல் சும்மா செருகியிருந்தார்கள்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக்கொடுத்தவரின் கடைக்குப் போனேன்.

"நடுக்கம்பி உள்ள சேரவே இல்லீங்க!"

"மூணு கம்பி கேட்டீங்க, மூணு கம்பி குடுத்தோம். அதை யாருங்க யூஸ் பண்றாங்க?"

மேஜையை ஓங்கி அடித்தேன். அவர் சிரித்தார். "ஓரக் கம்பி ரெண்டுலேருந்தும் எர்த்துக்கு ஆளுக்கொரு நூறு ஓம் ரெசிஸ்டர் போடுங்க. நின்னுடும். இதுக்குப் போயி இவ்ளோ சத்தமா?"

போட்டேன். நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்டது. அந்த ஆள் சொன்னது சரியாக இருந்ததில் எனக்கு இன்னும் எரிந்தது.

"நின்னுடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

புது மருந்தோடு மாமியார் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "மருந்து வாங்கிட்டேன்" என்பது மட்டும்.

"அந்தப் பெட்டிய இனிமே போடாதீங்க, மாப்பிள்ளை" என்றார்.

போட்டுத்தான் தீருவேன் என்று நாக்குவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன்.