கோபிசங்கர் தைத்த கன்றுக்குட்டி

"தங்கச்சி, ஒரு எறும்பு கடிக்கப்போகுது. கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று எங்கள் செவலைப் பசுவின் காதுக்குள் சொல்லிவிட்டுத்தான் கோபிசங்கர் ஊசியை எடுக்கிறார். சொல்லும்போதே இடது கையால் அதன் தாடையைச் சொறிந்துவிடுகிறார். பசு சுகத்தில் கண்ணை மூடுகிறது. அது கண்ணைத் திறக்கும்போது அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருப்பார்.

உரும்பிராயில் அவரை மாட்டு டொக்டர் என்கிறார்கள். "டொக்டர் வேறை ஆள், அக்கா. நான் அவருக்குப் பின்னாலை பெட்டி தூக்கிறவன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். கால்நடை வைத்திய அலுவலகத்தில் உதவியாளர். நாற்பது வயது, நெடிய மெலிந்த உடம்பு. மோட்டார் சைக்கிளின் பின்னால் தடுப்பூசிப் பெட்டி. முன்னால் வழியில் யாரோ கொடுத்த முருங்கைக்காய். அவரைக் கண்டு மாடுகள் ஓடுவதில்லை, பிள்ளைகள்தான் ஓடுகிறார்கள். சோறு உண்ண அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஊர்த் தாய்மார் அவருடைய பெயரைத்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

சொல்லாமல் குத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. "வாயில்லாச் சீவன் எண்டாலும் ஒரு மரியாதை இருக்கெல்லோ?"

போன மாசியில் அந்தக் கொள்கையில் ஓர் ஓட்டை விழுந்தது. தன் வீட்டுக் கன்றின் காதில் அலுவலகத்து மஞ்சள் இலக்கத் தகட்டைக் குத்தினார். ஒரு துளி இரத்தம் வந்தது. மகள் கோபிகா வேலியோரம் நின்று பார்த்துவிட்டாள். அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அன்றோடு தகப்பனுடன் கதைப்பதை நிறுத்திவிட்டாள். எதுவும் தேவையென்றால் தாய் உதயகலா வழியாகத்தான் கட்டளை போகும்: "அம்மா, அவரை என்ரை தண்ணிப் போத்தலை எடுத்துத் தரச் சொல்லுங்கோ."

"கண்டுக்குச் சொல்லிப்போட்டுத்தான் குத்தினனான், அக்கா. பிள்ளைக்குச் சொல்ல மறந்துபோனன்" என்றபடி ஒரு பின்னேரம் எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார். கையில் ஒரு பை. அதற்குள் அவருடைய பழைய மண்ணிறக் களிசான், ஒரு தலையணை, மாட்டுக்குக் காயம் தைக்கும் வளைந்த ஊசி. மகளுக்குத் தெரியாமல் ஒரு கன்றுக்குட்டிப் பொம்மை தைக்கப்போகிறாராம்.

"யாழ்ப்பாணத்திலை வடிவான கரடிப் பொம்மை விக்குதே?" என்றேன்.

"கடைப் பொம்மையைக் குடுத்தால் அவள் கடைக்காரனோடைதான் கதைப்பாள்."

அதன்பிறகு ஒன்பது நாள் எங்கள் விறாந்தை ஒரு தொழுவமாக இருந்தது. வேலை முடிந்து நாலரைக்கு வருவார், தேத்தண்ணி குடிப்பார், துணியை மடியில் விரிப்பார். முதல் நாளே ஊசி விரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு பெரிய ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது நல்லா நோகுது. எறும்புக் கடி எண்டு இவ்வளவு காலமும் மாடுகளுக்குப் பொய் சொல்லியிருக்கிறன்."

தையல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு நறுக்கினார். எனக்குத் தெரிந்த ஓடு தையலைக் காட்டினேன். "ஒரு இடத்திலை அறுந்தால் முழுக்கப் பிரிஞ்சிடும், காயம் ஆறாது" என்று மறுத்துவிட்டார். களிசானின் இரண்டு கால்களும் கன்றின் நாலு கால்களாயின. குளம்புகள் இரண்டாகப் பிளந்திருந்தன. கண்ணுக்கு என் பழைய சட்டையிலிருந்து இரண்டு கறுப்புத் தெறிகள் வெட்டிக் கொடுத்தேன். நெற்றிச் சுட்டிக்குப் பெனியன் துணி.

நாலாம் நாள் உதயகலா தலையணையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மடியில் கிடந்ததைத் தூக்கி, திருப்பி, வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தாள். நாலு சின்னக் காம்புகள் தைக்கப்பட்டிருந்தன.

"பிள்ளை விளையாடுற சாமானுக்கு உது தேவையோ?"

"உது இல்லாட்டிப் பெட்டைக் கண்டு, நாகெண்டு எப்பிடித் தெரியும்?"

"முதல்லை மாடெண்டு தெரியட்டும். எனக்குப் பண்டி மாதிரிக் கிடக்கு."

அவர் முகம் சுருங்கிப்போனது. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. தலையணையின் இலவம்பஞ்சை ஆசையில் அமத்தி அமத்தி அடைத்ததில் வயிறு உருண்டு, கால்கள் நாலும் நிலத்தில் படாமல் நின்றன. அவள் போனபின் அவர் பொம்மையின் இடது விலாவில் விரலால் தட்டிப்பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"வயிறு ஊதிப்போச்சு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த இடத்திலேயே பிளேட்டால் கீறி, இரண்டு பிடி பஞ்சை எடுத்துவிட்டு, ஐந்து தையல் போட்டார். கீற முன்னர் அதன் காதுக்குள் ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கீழே இறக்கி வைத்தபோது கன்று நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான், ஆனால் நின்றது.

பிறந்தநாளன்று போயிருந்தேன். முற்றத்தில் பந்தல் மாதிரி ஒரு சேலை கட்டி, பலூன் தொங்கவிட்டிருந்தார்கள். கோபிசங்கர் வேட்டி கட்டியிருந்தார். அவரைக் களிசானில் அல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பொம்மையை மகளின் கையில் கொடுக்கத் துணியவில்லை. அவளுக்கு முன்னால் நிலத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

கோபிகா குந்தியிருந்து பார்த்தாள். தெறிக் கண்களைத் தொட்டாள். வாலைத் தூக்கிப் பார்த்தாள். விலாவிலிருந்த ஐந்து முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு நேராகத் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இதின்ரை அம்மா எங்கை?"

உதயகலா தன் மற்றத் தலையணைகளை நினைத்திருக்க வேண்டும். சட்டென்று கணவனைப் பார்த்தாள். அவரோ ஓரடி முன்னால் வந்து, "வருவா, செல்லம். சித்திரைக்குள்ளை வந்திடுவா" என்றார்.

"அப்ப சரி. நான் கேக் திண்டிட்டு வாறன். அழாமல் பிடிச்சுக்கொண்டிருங்கோ."

கன்றைத் தூக்கி அவர் கையில் வைத்துவிட்டு ஓடினாள். யார் அழாமல் என்று அவள் சொல்லவில்லை. அவர் இரண்டு உள்ளங்கையிலும் அதை ஏந்திக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றார். இடுப்பில் வேட்டி மெல்ல நழுவத் தொடங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. முழங்கையால் இடுப்பை அமத்திக்கொண்டு, கன்றின் தலை சரியாமல் சற்று நிமிர்த்திப் பிடித்தார்.