பதினோராம் வரி

நாற்பத்திரண்டு பிள்ளைகள் எழுதிய தேர்வு ஒரே சொடுக்கில் இல்லாமல் போனது. அந்தச் சொடுக்குக்கு வழி எழுதிக் கொடுத்தவள் நான். ஞாயிறுதோறும் என் பக்கத்தில் நின்று பாடுகிற சபையாரே, தேவன் எனக்குச் செய்ததைச் சொல்லும்முன், நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் எனக்கு வேலை. சன்னலைத் திறந்தால் மசாலாக் கிடங்குகளின் சுக்கு வாசம். மூடினால் யுபிஎஸ்ஸின் முனகல். சென்ற ஆண்டு, பாடக்குறிப்பு, வருகைப்பதிவு, தேர்வு, மதிப்பெண் எல்லாம் இனி ஆன்லைன் பாடத்தளத்தில்தான் என்று முடிவானது. ஆசிரியர்களை அதில் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபது வருடம் வகுப்புக்கு வெளியே வயர் சுற்றிக்கொண்டிருந்தவள், ஆசிரியர்களுக்கே வகுப்பெடுத்தேன். நடை மாறியது. குரல் மாறியது.

ஒரு தாளில் பதினோரு வரி எழுதி, நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். உள்ளே நுழைவது எப்படி, பாடம் ஏற்றுவது எப்படி, தேர்வு வைப்பது எப்படி.

"பத்துக் கட்டளை மோசேக்கு. பதினொண்ணு நம்ம ஸ்டெல்லா சேச்சிக்கு," என்றார் பொருளாதாரம் எடுக்கும் ஷாஜன் சார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது.

வரலாறு எடுக்கும் தங்கம்மா டீச்சர் வைப்பின் தீவிலிருந்து படகில் வருகிறவர். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. தினமும் சோறு தின்றதும் என் பக்கத்தில் வந்து உட்கார்வார். "முப்பது வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கையாக்கும் இது, மோளே. ஒரு அம்புக்குறியப் பிடிக்க முடியல, பாத்தியா?"

ஒருநாள் அவர் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்து வாசிப்பதைப் பார்த்தேன். திரையில் வாசித்தால் தலையில் ஏறாதாம்.

"டீச்சர், இனி காகிதம் செல்லாது. எல்லாம் இதுக்குள்ளதான்," என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அதன்பிறகு அவர் கையில் நான் காகிதமே பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் தன் முதல் ஆன்லைன் தேர்வை வைத்தார். பிள்ளைகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து நேராகத் தளத்திலேயே தட்டச்சு செய்தார்கள். ஒரு தடங்கலும் இல்லை. டீச்சர் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கினார்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. "மோளே, பிள்ளைங்க எழுதினது ஒண்ணையும் காணல."

ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். என் தாள் அவர் முன்னால் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். பதினோராம் வரிக்கும் டிக். 'முடிந்ததும் ரீசெட் செய்து சுத்தமாக்கவும்.' பயிற்சிக்காக நான் போட்டுக் கொடுத்த மாதிரிப் பக்கத்துக்கென்று எழுதிய வரி அது. எந்தப் பக்கத்தை என்று எழுதவில்லை. டீச்சர் தன் சொந்தப் பாடப் பக்கத்தைச் சுத்தமாக்கிவிட்டார்; பிள்ளைகளின் விடைகளும் அதோடு அழிந்துபோயின.

தளத்தைப் பராமரிப்பவர்களை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நகல் எடுப்பார்களாம். தேர்வு நடந்ததோ செவ்வாய். மறுநாள் நான்கு மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போயாக வேண்டும். பாதிப் பிள்ளைகள் கலைவிழாவுக்குத் திருச்சூர் போயிருந்தார்கள், மறுதேர்வுக்கும் வழியில்லை.

"இனி எந்து செய்யும், ஸ்டெல்லா? நாளைக்கு மார்க் போகலேன்னா அந்தப் பிள்ளைங்களுக்குப் பூஜ்யம்தான்," என்றார் விஷயம் கேட்டு வந்த பிரின்சிபல்.

"ரிட்டயர் ஆகப்போறவங்க கையில கொடுத்தா இப்படித்தான்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு குனிந்து அழுதுகொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை.

யுபிஎஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பேட்டரிகளுக்கு நடுவே முழங்காலிட்டேன். ஆண்டவரே, அந்த விடைகளைத் திருப்பித் தாரும். திருப்பித் தாரும். திருப்பித் தாரும். மூன்று முறை கேட்டேன். என் கண்ணுக்குள் வந்ததெல்லாம் அந்தப் பென்சில் டிக்குகள்தான். ஒரு வரி விடாமல் என்னை நம்பியிருந்தார் அந்த அம்மாள். விடைகளைக் கேட்பதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் தாரும் என்று மட்டும் கேட்டேன்.

தந்தார். திரும்பிப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "டீச்சர் பேர்ல தப்பில்ல. பதினோராம் வரிய நான் சரியா எழுதல. தப்பு என்னோடது." ஷாஜன் சார்கூடச் சிரிக்கவில்லை.

தங்கம்மா டீச்சர் நிமிர்ந்தார். "நீ சத்தம் போடலேன்னா ஒரு காரியம் சொல்லட்டா, மோளே?"

மடியிலிருந்த பையைத் திறந்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு கட்டு. செவ்வாய் சாயங்காலமே பஜார் கடையில் அத்தனை விடைகளையும் அச்செடுத்து, போக வரப் படகில் உட்கார்ந்தே சிவப்பு மையில் திருத்தி முடித்திருந்தார்.

"காகிதம் செல்லாதுன்னு நீதானே சொன்ன? அதான் காட்டல."

எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஒரு தாளில் காயல் தண்ணீர் தெறித்து மை கலங்கியிருந்தது. மதிப்பெண் தெளிவாக இருந்தது.

"டீச்சரே, இத மடியில வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் அழுதீங்க?" என்றார் ஷாஜன் சார். அப்புறம் அறையே சிரித்தது, அழுதது, சாயா கேட்டது.

பிரின்சிபல் தாள்களைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாள் நான் பெயர் வாசிக்க, டீச்சரே தன் விரலால் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஏற்றினார். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது.

பழைய தாளைக் கிழித்தேன். புதியதை ஆசிரியர்களோடு உட்கார்ந்து எழுதினேன். பதினோராம் வரியை டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'எதையும் அழிக்கும்முன் பக்கத்தின் பெயரை வாய்விட்டு வாசிக்கவும்.' இன்று எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் கேட்கலாம். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்போல உரக்க வாசிப்பார்கள். ஓய்வுபெறும் முன் டீச்சர், இன்னொரு கல்லூரியிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கு முழு நாள் பயிற்சி கொடுத்தார். நான் கடைசி வரிசையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் உட்கார்ந்ததில்லை. அந்தப் பெருமையை எனக்குக் கொடுத்தவருக்கே நன்றி.

அன்பானவர்களே, நான் முழங்காலிடும் முன்பே பதில் அந்தப் பைக்குள் இருந்தது. அதைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது என் வாய்ச்சொல். நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டது வருவதற்கு முன், தேவன் உங்களை ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால், எழுந்துபோய் அதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்து நாற்காலியில் யாரோ மடியில் பையோடு காத்திருக்கிறார்கள்.