கண்ட்ரோல் ரூமுக்குக் காற்று கொடுத்தவர்

காகித ஆலையில் அவரை எல்லோரும் ஃபில்டர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷமாக ஒரே வேலை. ஆலைக்குள் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு வாயு எந்நேரமும் லேசாகக் கசிந்துகொண்டிருக்கும்; அதிகமானால் ஆளையே கொல்லும். அது கண்ட்ரோல் ரூமுக்குள் புகுந்தால் ஆலையை ஓட்டும் எலக்ட்ரானிக் கார்டுகளில் உள்ள செம்பும் வெள்ளியும் கறுத்து அரித்துப்போகும்; ஆலை படுத்துவிடும். அதனால் அறைக்கு வெளியே, மேல்தளத்தில், ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்றில் ஊதா உருண்டைகளைக் கொட்டி, அவற்றின் வழியாகத்தான் உள்ளே காற்று அனுப்புவார்கள். உருண்டைகள் வாயுவைக் குடித்துப் பழுப்பானதும் அள்ளிப்போட்டுப் புதுசு நிரப்புவது அவர் பொறுப்பு.

அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. அவர் சட்டைத் தூசி மெஷினுக்கு ஆகாதாம். உள்ளே ஷிஃப்ட் இன்சார்ஜாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை வாய் ஓயாமல் சொல்லிக்காட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஃபில்டர்காரர் பெட்டியைத் திறந்துவைத்து உருண்டைகளை அள்ளிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு வாயுக் குழாய் பிய்த்துக்கொண்டது. சைரன் அலறியது. பெட்டியை அப்படியே விட்டால் வாயு நேராக உள்ளே இருக்கும் மூன்று பேரின் மூக்குக்குப் போகும். அவர் மூடியைப் போட்டு நான்கு போல்ட்டையும் முறுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் படிக்கட்டு முழுக்க வாயு ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்தது கண்ட்ரோல் ரூம் கதவு மட்டும்தான்.

தட்டினார். கதவோரத்து ஸ்பீக்கரில் மச்சான் குரல் வந்தது.

"திறக்க முடியாது மாப்பிள்ளை. கார்டெல்லாம் போயிடும். மெயின் கேட்டுக்கு ஓடுங்க."

"படியில கேஸ் நிக்குது மச்சான். வெளிக்கதவை மட்டும் திறங்க. நடுவுல நின்னுக்கிறேன்."

அறைக்கு வெளிக்கதவு, உள்கதவு என்று இரண்டு கதவு; நடுவே ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். உள்கதவு மூடியே இருந்திருக்கும். மச்சான் கதவுக் கண்ணாடி வழியாக அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் திரைப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

பதினோரு நிமிஷம் கழித்து முகமூடி போட்டவர்கள் வந்து அவரைத் தூக்கிப் போனார்கள். உயிர் தங்கியது, நுரையீரல் தேறவில்லை. சைரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று விசாரணையில் மச்சான் சொன்னார். உடனிருந்த இருவரும் தலையாட்டினார்கள். ஒரு கார்டுகூடப் பழுதாகாமல் காப்பாற்றியதற்காக மச்சானுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மச்சான் ஞாயிறுதோறும் பழப்பையோடு வந்து கட்டிலருகே உட்காருவார். வருகிறவர்களிடம், தான் தவித்துப்போன கதையை உருகி உருகிச் சொல்வார். மறுத்துப் பேச ஒரே மூச்சில் நாலு வார்த்தையாவது வேண்டும். ஃபில்டர்காரருக்கு இரண்டுக்கு மேல் வராது.

நடந்தது என்னவென்று மனைவிக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தார். அவள் படித்து மடித்து அடுப்பில் போட்டாள். காலியான அந்த ஃபில்டர் வேலையை அவர்களுடைய மகளுக்கு வாங்கித் தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "அவ... வேண்டாம்" என்றார். அடுத்த வார்த்தைக்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார் மச்சான்.

மனைவி முந்தானையால் கணவர் வாயைத் துடைத்தாள்.

"சரின்னுதான் சொல்றாரு அண்ணா."

மகள் முதல் தேதியன்று வேலையில் சேர்ந்தாள்.