குலுக்கலில் விழுந்த மச்சாளின் பெயர்

கொழும்பில் தமிழ் வாசிப்பவர்களுக்காக முகநூலில் ஒரு சின்னக் குழுவை நடத்துகிறேன். சேர்ந்து தொடங்கிய சிநேகிதி கனடாவுக்குப் போய்விட்டாள். குழு தூங்கி வழியவே, மாதம் ஒரு புத்தகம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினேன். எந்தப் புத்தகம் என்று கருத்துக்கணிப்பு வைப்பேன். வாக்களித்தவர்களின் பெயர்களைக் குலுக்கி ஒருவருக்குக் கொடுப்பேன்.

முதல் இரண்டு முறையும் நான் இருக்கும் வெள்ளவத்தைப் பக்கத்தவருக்கே விழுந்தது. இரண்டாவது அறிவிப்பின் கீழே, நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: "ஏன் அக்கா, வெள்ளவத்தக்காரங்களுக்கு மட்டும்தானா புத்தகம்? நாங்கல்லாம் வாசிக்க மாட்டோமா?"

அதன் கீழே விருப்பக்குறிகள் விழுந்துகொண்டே இருந்தன. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக நின்றேன். பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் சீட்டை எழுதியதும் குலுக்கியதும் எடுத்ததும் நானேதான். எதை வைத்து நம்பச் சொல்வது?

"லைவ்ல குலுக்குமன். எல்லாரும் பாக்கட்டும்" என்றார் கணவர்.

அடுத்த மாதம் அப்படியே செய்தோம். அவர் போனைப் பிடித்தார். நான் சில்வர் சட்டியில் சீட்டுகளைப் போட்டுக் கிளறினேன். கை வியர்த்து ஒரு சீட்டு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரித்துப் பார்த்தேன். மச்சாளின் பெயர்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணம் கட்டவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். ஆட்கள் போதாத காலத்தில் அவரையும் குழுவில் சேர்த்திருந்தேன். நான் எதைக் கேட்டாலும் பாசத்தில் ஒரு வாக்குப் போட்டுவிடுவார். சீட்டுகளை எழுதும்போது அவருக்கே விழலாமென்பதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டருகே ஓடும் கடற்கரை ரயில் இரைந்துகொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை சீட்டைப் பிடித்தபடி நின்றேன். எழுத்து விளங்கவில்லை என்று சொல்லி வேறொன்றை எடுக்கலாமா? போனுக்குப் பின்னால் கணவரின் முகமும் மாறியிருந்தது. கடைசியில் பெயரை வாசித்தேன். அவர் எனக்கு என்ன முறை என்பதையும் சொன்னேன்.

"குடும்பக் குலுக்கல்" என்று உடனே ஒருவர் எழுதினார். சிரிப்புப் படங்கள் ஓடின. உள்ளேயிருந்து மச்சாள், "எனக்கு ஏன் புத்தகம்? வேற ஆருக்கும் குடும்" என்று கத்தியதும் லைவில் கேட்டது.

திரும்பக் குலுக்குவதா, அப்படியே விடுவதா என்று அங்கேயே ஒரு கருத்துக்கணிப்பு வைத்தேன். குழுவையே மூடிவிடலாமென்று அன்றிரவு தோன்றியது. ஆனால் பெரும்பாலானோர் மச்சாளே வைத்திருக்கட்டும் என்றார்கள். கொட்டாஞ்சேனைப் பெண்ணும் எழுதினார்: "அவங்களுக்கே குடுங்க. ஆனா வாசிச்சிட்டு எழுதணும்."

மச்சாள் நாவல் வாசித்து நான் கண்டதில்லை. முணுமுணுத்தபடியே வாசித்தார். பிறகு தானே போனில் தட்டி, என்னிடம் காட்டாமலே குழுவில் போட்டுவிட்டார்.

"முதல் பாதி முழுக்க மழை பெய்யுது. பிறகு கதையில வாற பிள்ளையைக் கேக்காமலே கலியாணம் பேசுகினம். எனக்குக் கோபம் வந்து புத்தகத்தை மூடி வச்சனான். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு பாக்கத்தான் திரும்ப எடுத்தனான்."

பார்த்ததும் எனக்குப் பதறியது. யாராவது கேலி செய்தால் அவர் தாங்கமாட்டார். அழிக்கச் சொல்லுவோமா என்று அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். அதற்குள் பெண்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள், தங்கள் கலியாணப் பேச்சுகளைப் பற்றி. புத்தகங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர்கள் பந்தி பந்தியாக எழுதினார்கள். கொட்டாஞ்சேனைப் பெண், "அந்தப் புத்தகத்த எனக்கும் தாங்க அக்கா" என்று கேட்டார்.

தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி மச்சாள் பஸ் ஏறினார். மதியம் போனவர் பொழுதுபட்டும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்குத் தனியே அனுப்பிவிட்டேனே என்று பல்கனிக்கும் வாசலுக்கும் நடந்தேன். இருட்டிய பிறகு ஆற அமர வந்து செருப்பைக் கழற்றினார்.

"ஏன் போன் எடுக்கேல்ல?"

"கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள். சாப்பிட்டுத்தான் போகவேணுமெண்டு அந்தப் பிள்ளை விடேல்ல."

இப்போது சீட்டுகள் எழுதும்போது மச்சாளின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். "வாக்குப் போடுறன், பேரை மட்டும் ஏன் போடுறேல்ல?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறார்.