இலத்தூருக்கு இருபது நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். ஒரு பெண் தன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான மூன்றாம் மாதமே மஸ்கட் போன கணவர், கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து கேசட் அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு, இவரும் பதில் பேசி, லீவில் வந்திருந்த கணவரின் நண்பரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். நண்பர் மஸ்கட் கிளம்ப இருபது நாள் இருந்தது.

வேறு செட்டில் போட்டுத் தரட்டுமா என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. என்னத்தப் பேசியிருக்காகளோ!" என்று வெட்கப்பட்டார்.

செட்டில் ஒரு ஜப்பான் ஐ.சி. சில்லு பழுதாகிப் போயிருந்தது. அது ஜப்பானிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெட்ராஸுக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வர வேண்டும். ஆர்டர் போட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே தெருவுக்கு ஓடுவேன். அந்தப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, "சாமான் வந்துட்டா அண்ணாச்சி?" என்பார். இலத்தூர் மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றும் ஒருமுறை சொன்னார். எனக்குச் சுர்ரென்றது. என் வாடிக்கையாளர்களை இழுக்கிற ஆளின் கடைப்படியை நான் மிதிப்பதா?

பதினெட்டாம் நாள் பார்சல் வந்தது. உள்ளே வேறு நம்பர் ஐ.சி.! அதன் பிறகும் இரண்டு நாள் வீம்பாக இருந்துவிட்டுத்தான் இலத்தூர் பஸ் ஏறினேன்.

"என்னவே, நம்ம கடைக்கெல்லாம் வருவீரா?" என்று சிரித்தபடி இலத்தூர் மெக்கானிக் டிராயரைத் திறந்தார். அதே ஐ.சி. மூன்று கிடந்தது. ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, ஒரு டேப் மோட்டாருக்காக மாதக்கணக்கில் மெட்ராஸைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகப் புலம்பினார். அந்த மோட்டார் என் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

சாயங்காலமே செட் பாடியது. நண்பரோ அன்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். நடந்ததைச் சொல்லி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அவுக அங்கன காத்துக்கிட்டு இருப்பாகளே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரமே நானும் இலத்தூர்க்காரரும் செங்கோட்டை, ஆலங்குளம் மெக்கானிக்குகளையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஏற்பாடு செய்தோம். திங்கள்தோறும் அவரவரிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று தபால் கார்டு எழுதிப் போடுவோம். இருக்கிறவர் பஸ் கண்டக்டரிடம் சாமானைக் கொடுத்தனுப்புவார். வாரக்கணக்கில் காத்திருந்தது போய், பாதிச் சாமான்கள் மறுநாளே கைக்கு வந்தன.

இப்போதும் எதற்காவது காத்திருந்து தவிக்கும்போது அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வரும். இலத்தூர் அரை மணி நேர பஸ் தூரம்தான். அங்கே போய்ச் சேர எனக்கு இருபது நாள் ஆனது.