கிருமி தென்படவில்லை

போன மார்கழியில் என் மனைவி பாக்கியம் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அவளை அங்கே படுக்க வைத்தவன் நான்தான். மாரியம்மனை நம்புகிற உங்களிடம் இதை மறைத்து எழுத மனசு வரவில்லை.

நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். கூலிக்குக் கருவேலம் வெட்டி, பிறகு விறகை அடுக்கி மண் பூசிக் கரி சுடுகிற கரிமூட்டத்தைச் சொந்தமாகப் போட்டு, நாலு லாரி வாங்கினேன். இந்தப் பக்கத்தில் என் கரிக்கு நிகர் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். லாரியோடு ஊர் ஊராக அலைந்த காலத்தில் கெட்ட சகவாசமும் இருந்தது. எச்.ஐ.வி. அப்போதுதான் என் ரத்தத்தில் ஏறியது. பல வருசம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் பாக்கியத்துக்கும் என்னிடமிருந்து போய்விட்டது. என்னைத் தவிர யாரையும் அறியாதவள் அவள்.

உடம்பு இளைத்து, வாயெல்லாம் புண்ணாகிப் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த கவுன்சிலர் பொண்ணு பொறுமையாக விளக்கியது.

"நோயை எதுத்து நிக்கிற ரத்த அணுவுக்குள்ளயே இந்தக் கிருமி புகுந்துக்கிடும் அய்யா. அதுக்குள்ள பெருகி, அதையே அழிச்சிரும். காவல் குறையக் குறையக் காசநோய் மாதிரி மத்ததெல்லாம் உள்ள வந்துரும். அந்தக் கட்டத்தைத்தான் எய்ட்ஸ்னு சொல்றாக."

"நம்ம கரிமூட்டம் மாதிரின்னு சொல்லு தாயி. மேல மண்ணு பூசிக் கெடக்கும், உள்ள எரியும்."

"ஆமாங்கய்யா. மாத்திரை அதை அமுக்கி வைக்கும், அணைக்காது."

இருவரும் மாத்திரை போட்டோம். அம்மனுக்கும் நேர்ந்துகொண்டோம். ஒரு வருசத்தில் உடம்பு தேறியது. ரத்தச் சோதனையில் 'கிருமி தென்படவில்லை' என்று வந்தது. தென்படவில்லை என்றால் இல்லை என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஆடியில் பாக்கியம் முளைப்பாரி எடுத்தாள். மறுநாளே நான் மாத்திரையை நிறுத்தினேன், அவள் டப்பாவையும் பிடுங்கினேன்.

"ஆத்தாதான் தீத்துட்டாளே. இன்னும் முழுங்குனா அவளை நம்பலேன்னு ஆகும்."

"அந்தப் பொண்ணு நிறுத்தக் கூடாதுன்னுச்சே."

"அதுக்கு வயசென்ன, என் வயசென்ன?"

புகை நின்றதுமே மூட்டம் அவிந்துவிட்டது என்று மண்ணைப் பிரித்த கூலியாட்களை நான் எத்தனையோ தடவை வைதிருக்கிறேன். காற்றுப் பட்டால் மொத்தமும் பிடித்து எரிந்து சாம்பலாகிவிடும். முப்பது வருசத் தொழில்காரனுக்கு அன்றைக்கு அது புத்தியில் ஏறவில்லை.

கார்த்திகையில் அவளுக்கு இருமல் வந்தது. அப்புறம் விடாத காய்ச்சல். காசநோய் மூளைவரை போய்விட்டது என்றார்கள். அவளோடு சேர்ந்து நிறுத்திய நான் ஒன்றும் ஆகாமல் கல்லாட்டம் இருந்தேன். அவள் விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். "ஆத்தா, உன் பேரைச் சொல்லி நான் செஞ்ச தப்புக்கு அவ உசுரை எடுத்துராத. அவ வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

ஒன்பதாம் நாள் கண் திறந்தாள். என் கையைத் தடவிப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க மாத்திரை போட்டீகளா?" என்றாள்.

ஆத்தா கொடுத்த வார்த்தை அதுதான். அன்றைக்கே அந்தக் கவுன்சிலர் பொண்ணு முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றேன். இப்போது இருவரும் ஒரு நாள் தப்பாமல் மாத்திரை போடுகிறோம். மூளைக்கு ஏறிய காசநோயில் போன வலது கண் பார்வை மட்டும் பாக்கியத்துக்குத் திரும்பவே இல்லை.

இந்த நோயோடு இருக்கிறவர்கள் ஆத்தாளை நம்புங்கள். மாத்திரையும் அவள் கொடுத்ததுதான் என்று சேர்த்து நம்புங்கள். நான் பாதியை மட்டும் நம்பி ஒரு கண்ணைப் பறிகொடுத்தேன். அதுவும் என் கண் இல்லை.