அளவில் வராத சாரல்

குத்தாலிங்கம் என்று கேட்டால் குற்றாலத்தில் யாருக்கும் தெரியாது. மெஷரபிள் பிள்ளை என்று கேட்டால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இங்கிலீஷில் அவருக்கு வாய்த்தது அந்த ஒரு சொல்தான். அதை அவர் சும்மா விடவில்லை. காய்ச்சல் எப்படி என்று விசாரித்தால் "மெஷரபிள் இல்லே" என்பார். சாம்பாரில் உப்புக் கூடினால், "இன்னைக்கு மெஷரபிள்தான்" என்று மனைவி சண்முகசுந்தரியைச் சீண்டுவார்.

சொல் மழைமானியோடு வந்தது. அரசாங்க பங்களாத் தோட்டத்தில் வேலிக்குள் மழை அளக்க ஒரு தகர உருளையை நட்டிருந்தார்கள். தினமும் காலையில் அதிலுள்ள தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. முதல் கோட்டைத் தொட்டால் மெஷரபிள், அதாவது அளவில் வரும் மழை. உள்ளே ஈரம் மட்டும் இருந்தால் அது அளவில் வராத மழை. எண் போடக் கூடாது. கணக்கைச் சரிபார்க்கும் தென்காசி அதிகாரி இதில் முடியளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு காலைகூடத் தவறவும் கூடாது. முளையில் கட்டின மாடு மாதிரி அதையே சுற்றி வந்தார் மனுஷர். வெளியூரில் ஓர் இரவு தங்கி வருஷக்கணக்காகிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் கோவில்பட்டியிலிருந்து ஆள் வந்தது. மகள் மங்களேஸ்வரிக்குப் பிறந்த இரண்டாவது பிள்ளை தங்கவில்லை. அவள் அழவும் மாட்டேன் என்கிறாள், சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள், அப்பாவைத்தான் கேட்கிறாள்.

குத்தாலிங்கம் தென்காசிக்கு ஓடினார். மாற்றாள் காட்டிவிட்டுப் போகலாம், ஆனால் மெஷரபிள் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், காலையில் நானே வந்து பார்ப்பேன் என்றார் அதிகாரி. குத்தாலிங்கம் லாட்ஜ் காவலாளி பீர் மைதீனைப் பிடித்து அன்று சாயங்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அவனும் நன்றாகத் தலையாட்டினான்.

மறுநாள் அருமையான சாரல். மலைக்காற்றோடு சாய்ந்து வரும் தூறல் ஆளை நனைக்கும், உருளைக்குள் அதிகம் விழாது. பீர் மைதீன் குவளையைப் பார்த்தான், தன் சட்டையைப் பார்த்தான், முதல் கோட்டின் எண்ணை எழுதிவிட்டான்.

"குவளையில தண்ணி எங்கய்யா?" என்றார் அதிகாரி.

"நான் தொப்பலா நனைஞ்சு நிக்கேன், ஐயா. இல்லேன்னு எப்படி எழுதுவேன்? சாரல் விழுததை இல்லேன்னு சொன்னா ஊர்க்காரன் காறித் துப்புவான்."

சாரலை இல்லை என்று எழுத எந்தக் குற்றாலத்துக்காரனுக்கும் கை வராது. அதிகாரி குத்தாலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "வேற வழியில்ல. நீரே இரும்."

சண்முகசுந்தரி தனியாகப் பஸ் ஏறினாள். உருளையைப் பிடுங்கி அருவியில் எறிந்தால் என்ன என்று குத்தாலிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது. வேலை போனால் அடுப்பு எரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போய் நின்றார். தினமும் அளவில் வரும் மழை இல்லை என்றே எழுதினார்.

திரும்பி வந்தவளை உட்காரக்கூட விடவில்லை. "எப்படி இருக்கா? என்னைக் கேட்டாளா?"

"கேட்டா. வேலைன்னேன். அங்கன மழையாம்மான்னு கேட்டா. சாரல்தான்னேன்." சண்முகசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப அளக்க ஒண்ணுமே இருந்திருக்காதே, அப்பா வந்திருக்கலாம்லான்னா. அதுக்கப்புறம்தாங்க அழுதா."